சாயப்பொடியும் கடன் கணக்கும்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூடவே அஞ்சல் வழியில் பி.காம். சேர வேண்டும் என்கிறாள். வேலைக்கு இதனால் பயன் உண்டா?
– வாசகர், விருதுநகர்

பதில்: சேரட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வழிவிட்டது. அந்த அஞ்சல் வழிப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

நானும் வேதியியல்காரன்தான், திருப்பூரில் சாயம் விற்றவன். நிறம் திட்டுத்திட்டாக ஏறுகிறது என்று ஒரு பட்டறைக்காரர் சண்டைக்கு வந்தார். தண்ணீரைச் சோதித்து, அதன் கடினத்தன்மைதான் காரணம் என்று காட்டினேன். அன்றே அடுத்த ஆர்டர் தந்தார். அவருக்கே 90 நாள் கடன் கொடுத்து, பணம் முடங்கி, முதலாளியிடம் நான் வாங்கிய திட்டு இருக்கிறதே! அதற்குப் பிறகுதான் மாலை நேர எம்.பி.ஏ.

மருந்து, சாயம், ஆய்வகக் கருவி விற்பனை, மூலப்பொருள் கொள்முதல் போன்ற இடங்களில் வேதியியலும் வணிகமும் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. சான்றிதழ் இரண்டானால் சம்பளமும் இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போடாதீர்கள். வேதியியல் மதிப்பெண் சரிந்தால் பி.காமை விட்டுவிடலாம், எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எம்.பி.ஏ.வுக்கு டான்செட் என்னும் தமிழக நுழைவுத் தேர்வு எழுதலாம். இந்த விடுமுறையில் அவளை ஒரு மாதம் ஏதாவது தொழிற்சாலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள்.