600 ரூபாய்க்கு 5 ஆண்டுக் காத்திருப்பு: வாசகர் கேள்விகள்

பி.காம். முடித்து 6 ஆண்டாகிறது. வேலையில்லாதோருக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாமா? (வாசகி, தேவகோட்டை)

என்றைக்குப் பதிந்தீர்கள் என்பதுதான் முக்கியம். அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே! வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு முடிந்திருக்க வேண்டும், பதிவு நடுவில் அறுந்திருக்கக் கூடாது. வயது 40க்குள் (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 45), குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள்.

மாதம் எவ்வளவு? (பள்ளத்தூர்)

பத்தாவது தேறாதவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேர்ந்து வரும். 3 ஆண்டோடு சரி. பட்டதாரிக்கே மொத்தம் 22,000 ரூபாயைத் தொடாது. இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

மகன் பி.இ. அவனுக்கு உண்டா? (காரைக்குடி)

கிடையாது. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டங்களுக்கு இல்லை.

ப்ரௌசிங் சென்டரில் பதிந்தேன். புதுப்பிக்கும் தேதி போய்விட்டது, தெரியவே இல்லை. இப்போது என்ன செய்வது? (திருப்பத்தூர்)

மாதம் தவறாமல் வரும் கடிதம் இது. கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "அவங்கதான் பாத்துக்கிட்டாங்க." யூசர் ஐடி அவர்களிடம், பாஸ்வேர்டு அவர்களிடம், பதிவில் இருக்கும் செல்போன் எண்ணும் சில சமயம் அவர்களுடையது. மூன்று ஆண்டு கழித்து அந்தக் கடையே இருக்காது. புதுப்பிப்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை. பதிந்த மாதம்தான் கெடு, மேலே இரண்டு மாதம் சலுகை. அதையும் விட்டால் பதிவு மூப்பு போய்விடும், 5 ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. விட்டுப்போனவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதுண்டு. வந்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள், வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

இன்னொன்று. மனுப்படிவத்துக்குக் காசே கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சும்மா கொடுக்கிறார்கள், இணையத்திலும் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு 'ஸ்பெஷல் சார்ஜ்' என்று நூறு, இருநூறு கறக்கிறவர்கள் நம்ம ஊர்ப்பக்கம் கொஞ்சமல்ல. முதல் மாத உதவித்தொகையில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. படித்தவர்கள்தானே நீங்கள், ஒரு படிவத்தை நிரப்பத் தெரியாதா? புதுப்பிக்கும் மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

தம்பி மாற்றுத்திறனாளி. அவனுக்கும் 5 ஆண்டா? (கானாடுகாத்தான்)

இல்லை, பதிந்து ஓராண்டு போதும். வருமான வரம்பும் கிடையாது. பத்தாவது வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டத்துக்கு 1,000, அதுவும் 10 ஆண்டுக்கு.

ரைஸ் மில்லை மூடிவிட்டார்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்கள். இந்த 600 எனக்கு வருமா? (புதுவயல்)

இரண்டையும் குழப்பாதீர்கள். ஈ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தவர்களுக்கென்று தனித் திட்டம் உண்டு: சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே முறை. குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். தவணை தவணையாக நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனு போடுங்கள்.

எங்களுக்கு எந்த வேலைவாய்ப்பு அலுவலகம், சிவகங்கையா, புதுக்கோட்டையா? (ராயவரம்)

புதுக்கோட்டை. செட்டிநாடு என்பதற்காகக் காரைக்குடிப் பக்கம் அலையாதீர்கள். உங்கள் மாவட்டம் எதுவோ அங்கேதான்.

உதவித்தொகை வாங்கினால் அரசு வேலைப் பரிந்துரையிலிருந்து பெயர் போய்விடுமா? (சிங்கம்புணரி)

போகாது. யார் கிளப்பிவிட்ட புரளியோ!

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் மாதம் பாதி நாள் வேலை. இருந்தாலும் மனு போடலாமா?

ஊர் பெயரைப் போடாமல் எழுதியிருக்கிறீர்கள், காரணம் புரிகிறது. சம்பளம் வாங்குகிறவருக்கு இது இல்லை. ஆண்டுக்கொரு முறை சுய உறுதிமொழி ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பொய்க் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை நின்று, பதிவும் உயிரோடு இருந்தால் அப்புறம் எழுதுங்கள், பதிந்த தேதியோடு.