பார்வை தெளிவாக இருக்கும்போது கிளாக்கோமாவுக்கு எதற்குச் சொட்டு மருந்து?

கண் அழுத்தம் 26, பார்வை நரம்பில் லேசான பாதிப்பு என்கிறார்கள், ஆனால் எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோயின் சூழ்ச்சியே அதுதான். பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடுவதால் நமக்கு உறைப்பதே இல்லை.

கண்ணுக்குள் ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, கருவிழியோரச் சல்லடை வழியாக வடிகிறது. வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசுங்குகிறது. வழக்கமான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம். அதற்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. அதனால் எண்ணை மட்டும் நம்ப முடியாது.

போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பதுதான் சிகிச்சை. லாட்டனோபிராஸ்ட் போன்ற சொட்டு மருந்து திரவத்தை வடியச் செய்யும். டிமோலால் சுரப்பைக் குறைக்கும். ஆஸ்துமா இருந்தால் டிமோலால் ஆகாது, முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்கு அதிகம் இறங்காது. பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

சொட்டு மருந்துக்குப் பதிலாக லேசரிலேயே தொடங்குவதும் இப்போது சகஜம். இரண்டுக்கும் அடங்காவிட்டால் அப்புறம் அறுவை சிகிச்சை.

திடீர்க் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்றால் மட்டும் காத்திருக்கவே கூடாது. அது வடிகால் சட்டென அடைபடும் வகை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.