பீட்டர் லோரேயை எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்? ஏன் அவருக்கு எப்போதும் வில்லன் வேடம்?

கேள்வியில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. 'காசாபிளாங்கா'வில் கொஞ்ச நேரம் வந்துபோகும் அந்த முட்டைக்கண் ஆசாமி, ஹாலிவுட் நடிகர் பீட்டர் லோரேயின் மற்ற படங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பது ஒன்று. கடைசிவரை அவரை ஏன் திருடனாகவும் கொலைகாரனாகவும் போட்டார்கள் என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்லிக்கொண்டு போனாலே இரண்டாவதற்கும் பதில் வந்துவிடும்.

எல்லாப் பட்டியல்களும் 1931-இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில் தொடங்கச் சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது மகத்தான படம், சந்தேகமில்லை. ஆனால் அதில் லோரே பெரும்பாலும் நிழலாக, முதுகாக, ஒரு சீட்டி ஒலியாகத்தான் இருப்பார். ஆளைத் தெரிந்துகொள்ள முதலில் 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941) பாருங்கள். ஜான் ஹியூஸ்டன் இயக்கிய முதல் படம் அது.

அதில் ஜோயல் கெய்ரோ என்ற வேடம். துப்பறிவாளர் சாம் ஸ்பேடின் அலுவலகத்துக்குள் முதலில் வாசனை தடவிய விசிட்டிங் கார்டு வரும், பிறகுதான் ஆள் வருவார். பேசும்போது கைத்தடியின் பிடி உதட்டருகே போய்ப் போய் வரும். மிகுந்த பணிவோடு பேசிக்கொண்டே துப்பாக்கியை எடுப்பார். தயவுசெய்து கைகளைப் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள், உங்கள் அறையைச் சோதனை போடப் போகிறேன் என்பார். ஸ்பேட் துப்பாக்கியைப் பிடுங்கி ஒரே குத்தில் மயங்க வைத்துவிடுவார். விழித்து எழுந்தவர் கண்ணாடியைப் பார்த்து முறையிடுவது தாடை வலியைப் பற்றி இல்லை, சட்டை பாழாய்ப் போனதைப் பற்றி. பேரமெல்லாம் முடிந்து கிளம்பும்போது, என் துப்பாக்கியைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொள்வார். கைக்கு வந்ததும் அதை மறுபடி ஸ்பேட் பக்கமே நீட்டி, பழைய சோதனையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இந்தக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை குரலை மட்டும் கவனியுங்கள். துப்பாக்கி கையில் இருக்கும்போதும் இல்லாதபோதும் சத்தம் ஏறுவதில்லை. மிரட்டலும் மன்னிப்பும் ஒரே தொனியில் வருகின்றன. பிறகு படத்தின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். எல்லோரும் தேடி அலைந்த பருந்துச் சிலை போலி என்று தெரிந்ததும், கூட்டாளியான பருத்த உடம்புக்காரர் குட்மேன் மீது பாய்ந்து, மடையா, முட்டாளே என்று கீச்சுக்குரலில் கத்தி, அந்தக் கத்தல் அப்படியே அழுகையாக உடையும். லோரேயின் நடிப்புக்கு அச்சாணி இந்த இடம்தான்: அளவு மீறிய மரியாதை, அது அறுந்துபோகும் ஒரு கணம். எந்தப் படத்திலும் அந்தக் கணம் எங்கே வருகிறது என்று தேடுங்கள். சில படங்களில் வரவே வராது. அப்போது அந்த வேடத்தை வீணடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்குப் பிறகு 'எம்'. குழந்தைகளைக் கொல்லும் ஹான்ஸ் பெக்கெர்ட். முதலில் தெரிவது பரிசு அறிவிப்புச் சுவரொட்டி மேல் விழும் நிழல். முகம் முழுதாகத் தெரியும்போதுகூடக் கண்ணாடி முன் நின்று வாயை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், பேச மாட்டார். கத்திகளை அடுக்கி வைத்த கடை ஜன்னலில் ஒரு சிறுமியின் பிம்பம் விழும் காட்சியில் அந்த முகம் மாறுவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண் விரியும், கை வாய்க்குப் போகும், அவ்வளவுதான். கடைசியில் பாழடைந்த சாராய ஆலையில் திருடர்கள் நடத்தும் விசாரணையில்தான் பேச்சு வெடிக்கிறது. எனக்கு வேண்டாம், ஆனால் செய்தாக வேண்டும் என்று மண்டியிட்டுக் கத்துவார். அதுவரை வெறுத்த பார்வையாளர் ஒரு நிமிடம் தடுமாறிப் போகிறார். கெய்ரோவின் அழுகையை முன்பே பார்த்தவருக்கு இந்த வெடிப்பு எங்கிருந்து வருகிறது என்பது உடனே புரியும்.

ஒரு வேடிக்கை: படம் முழுக்கக் கேட்கும் அந்தச் சீட்டி, கிரீக் என்ற நார்வே இசையமைப்பாளரின் மெட்டு, லோரே அடித்தது இல்லை. அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியாது. அடித்தவர் இயக்குநர் லாங்.

'எம்' பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. திடீரென்று ஒலி முழுதாக நின்றுவிடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு பிரதி தேடப் போவார்கள். லாங் பல பகுதிகளை வேண்டுமென்றே ஒலியில்லாமல் விட்டிருக்கிறார். பிற்காலத்தில் யாரோ அந்த இடங்களில் சத்தத்தை நிரப்பிய பிரதிகளும் சுற்றுகின்றன, அவைதான் கெட்ட பிரதிகள். முதலில் வெளியானபோது படம் 117 நிமிடம். இன்று கிடைக்கும் நல்ல மீட்டெடுப்பு ஏறக்குறைய 110 நிமிடம். 100-க்குக் கீழே இருந்தால் பிற்கால வெட்டுப்பிரதி, தொட வேண்டாம். ஆங்கிலப் பதிப்பு என்று ஒன்று உண்டு. அதில் விசாரணைக் காட்சியை லோரேயே ஆங்கிலத்தில் நடித்துக் கொடுத்தார். ஜெர்மன் மூலத்தைப் பார்த்த பிறகு ஒப்பிட மட்டும் அது உதவும்.

இனி ஆளின் பின்னணி, சுருக்கமாக. இயற்பெயர் லாஸ்லோ லோவன்ஸ்டைன். 1904-இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில், இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ரூஷோம்பெரோக் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் வங்கி வேலையை விட்டுவிட்டு ஜேக்கப் மொரேனோவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். எழுதி வைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே கற்பனை செய்து நடிக்கும் குழு அது. பிறகு பெர்லினில் நாடகாசிரியர் பிரெக்ட். 'எம்' வெளியான அதே 1931-இல் பிரெக்டின் நாடகமொன்றில் கதாநாயகனாக நடித்தார். பேச்சு துண்டு துண்டாக இருக்கிறது என்று விமர்சகர்கள் குறை சொன்னபோது, அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிரெக்டே அவருக்காகப் பத்திரிகையில் எழுதினார். ஒரு உணர்ச்சியிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடாமல் தாவுவது இந்தப் பள்ளியில் வந்த பழக்கம். கெய்ரோவிடம் நாம் பார்த்ததும் அதையேதான்.

1933-இல் ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். பாரிஸ், பிறகு லண்டன். ஹிட்ச்காக்கின் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' (1934) படத்துக்குக் கிட்டத்தட்ட ஆங்கிலமே தெரியாமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பேசினார். நெற்றித் தழும்பும் முடியில் ஒரு வெள்ளைக் கற்றையுமாக வருவார். அந்தப் படத்தில் வாக்கியங்களின் இடைவெளி சில இடங்களில் விநோதமாக இருக்கும், காரணம் இதுதான். அந்த விநோதம் வேடத்துக்குப் பொருந்தியும் விட்டது.

ஹாலிவுட்டில் முதல் படம் 'மேட் லவ்' (1935), வெறும் 68 நிமிடம். தலையை மழுங்கச் சிரைத்துக்கொண்டு, ஒரு நடிகைமேல் பைத்தியமாக இருக்கும் அறுவைச் சிகிச்சை மருத்துவர். இங்கேதான் முத்திரை விழுந்தது. ஐரோப்பிய உச்சரிப்பு, குள்ள உருவம், உருண்டை முகம், பெரிய கண். ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த நான்கும் சேர்ந்தால் ஒரே பொருள்தான்: வெளிநாட்டான், விவகாரமான ஆள். நாம் குணச்சித்திர நடிகர் என்றால் இருமும் அப்பாவையும் கண்ணீர் விடும் அண்ணனையும் நினைக்கிறோம். அன்றைய ஹாலிவுட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு கணக்கு. பெயர் தெரியாவிட்டாலும், கதவு திறந்ததும் இவன் எப்படிப்பட்டவன் என்று பார்வையாளருக்குப் புரிந்துவிட வேண்டும். விளக்க நேரம் மிச்சம். லோரே அதற்கு மிக வசதியாக இருந்தார்.

ஃபாக்ஸ் நிறுவனம் 1937 முதல் 1939 வரை அவரை மிஸ்டர் மோட்டோ என்ற ஜப்பானியத் துப்பறிவாளராக எட்டுப் படங்களில் நடிக்க வைத்தது. நல்லவன் வேடம்தான், ஆனால் ஒரு ஐரோப்பியர் ஜப்பானியராக நடிப்பது இன்று பார்க்கக் கூச்சமாக இருக்கும். ஒப்பனை அதிகமில்லை, மூக்குக்கண்ணாடியும் படிய வாரிய முடியும்தான். சண்டைகளைச் செய்தவர் ஹார்வி பாரி என்ற டூப். ஒன்று பார்த்தால் போதும். எட்டில் 'மிஸ்டர் மோட்டோஸ் லாஸ்ட் வார்னிங்' காப்புரிமை தீர்ந்த படம் என்பதால் எங்கும் இலவசமாகக் கிடைக்கும். அதனாலேயே பிரதிகள் படுமோசமாகவும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைக் குறை சொல்ல வேண்டாம்.

'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்ட் ஃப்ளோர்' (1940) பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர்ப் பட்டியலில் லோரே முதலில் இருப்பார், படத்தில் சில நிமிடங்களே இருப்பார். ஏமாறாமல் கடைசிவரை பாருங்கள். வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உணவகத்தில் வேகாத இறைச்சி வாங்கி, தெருநாய்க்குப் போடுவார். கொலைகாரன் நாயிடம் காட்டும் அந்தப் பரிவுதான் காட்சியை நடுங்க வைக்கிறது.

பிறகு வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ காலம். குட்மேனாக வந்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டோடு ஒன்பது படங்கள். ஒருவர் மலை, ஒருவர் எலி. 'காசாபிளாங்கா'வில் இருவரும் உண்டு என்றாலும் சேர்ந்து வரும் காட்சி கிடையாது. உகார்ட்டே வேடத்தில் லோரே முதல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவார். ஆனால் அந்தப் படத்தின் பிரச்சினை முழுவதும், நாட்டைவிட்டு வெளியேற உதவும் அந்தப் பயணக் கடிதங்கள், அவர் கையிலிருந்துதான் தொடங்குகிறது. கதாநாயகன் ரிக்கிடம், நீ என்னை வெறுக்கிறாய், அதனாலேயே உன்னை மட்டும் நம்புகிறேன் என்பார். இதைக் கெஞ்சலாகச் சொல்லியிருந்தால் மறந்துபோயிருக்கும். ஏதோ ரிக்குக்குச் சலுகை தருவதுபோல் சொல்கிறார். இந்தப் படத்தில் கொள்ளைக்காரராக நடித்த அதே மனிதரின் 'எம்' காட்சியை 1940-இல் நாஜிகள் தங்கள் யூத வெறுப்புப் பிரச்சாரப் படத்தில் வெட்டி ஒட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வில்லன் அல்லாத லோரே வேண்டுமென்றால் 'த்ரீ ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (1946). லண்டனில் திரியும் நல்ல மனசுக் குடிகாரர். வெடிப்பே கிடையாது, மேலே சொன்ன விதிக்கு நல்ல விலக்கு. கதாநாயகனாக ஸ்டூடியோ அவரை நம்பியிருந்தால் என்னவெல்லாம் கிடைத்திருக்கும் என்பதற்கு என் சாட்சி இந்தப் படம்தான். சிரிக்க வேண்டுமானால் 'ஆர்செனிக் அண்ட் ஓல்டு லேஸ்'. 1941-இல் எடுத்து முடித்தும், மூல நாடகம் நியூயார்க் மேடையில் ஓடிக்கொண்டிருந்ததால் 1944 வரை திரைக்கு வரவில்லை. வெளியான ஆண்டை வைத்து அவர் நடிப்பு வளர்ந்த விதத்தைக் கணக்குப் போட்டால் இங்கே தப்பாகும்.

அவர் இயக்கிய ஒரே படம் 'டேர் ஃபெர்லோரனே' (1951). ஜெர்மனிக்குத் திரும்பிப் போய் எடுத்தது. நாஜி ஆட்சியில் தன் காதலியைக் கொன்ற விஞ்ஞானி, அரசே மூடிமறைத்ததால் தண்டனை கிடைக்காமல் அதைச் சுமந்து திரிகிறார். தண்டவாளத்தில் ரயிலுக்கு முதுகு காட்டி நின்று முகத்தைக் கையால் மூடிக்கொள்வதோடு முடியும். போர் முடிந்து ஆறே வருடம். மக்கள் அதைப் பார்க்க விரும்பவில்லை, படம் தோற்றது. 'எம்' பார்த்த கையோடு பார்க்காதீர்கள். வார்னர் படங்களைக் கடந்து வந்த பிறகு பாருங்கள், அப்போதுதான் அந்தக் களைப்பின் எடை தெரியும். இளம் வயதில் பித்தப்பைச் சிகிச்சையின்போது தொற்றிய மார்ஃபின் பழக்கம் பல வருடம் அவரை அலைக்கழித்தது. ஐம்பதுகளில் உடல் பருத்து ஆளே மாறிப்போனார். அந்தப் பருமனும் முத்திரைக்கே பயன்பட்டது. 1954 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக நடித்த 'கேசினோ ராயல்' நாடகத்தில் முதல் ஜேம்ஸ் பாண்ட் வில்லன் அவர்தான். இணையத்தில் சில பிரதிகளில் முடிவு வெட்டுப்பட்டிருக்கும், முடிவுள்ள பிரதியாகத் தேடிப் பிடியுங்கள்.

கடைசியாக, இயக்குநர் ரோஜர் கோர்மன் எடுத்த பேய்ப்படங்கள். 'டேல்ஸ் ஆஃப் டெரர்' (1962) மூன்று கதைகள் கொண்டது, நடுக்கதை போதும். வின்சென்ட் பிரைஸுக்கும் லோரேக்கும் திராட்சை மது ருசி பார்க்கும் போட்டி. பிரைஸ் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் கொப்பளித்து, பெரிய சடங்கே நடத்துவார். லோரே மடக்கென்று குடித்துவிட்டு ஆண்டையும் வகையையும் சரியாகச் சொல்வார், அடுத்த கோப்பைக்குக் கையை நீட்டுவார். 'தி ரேவன்' (1963) படத்தில் வசனத்தை அவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே போக, எழுதியதை எழுதியபடி பேசிப் பழகிய சக நடிகர் போரிஸ் கார்லாஃப் திணறினார். வியன்னாவில் மொரேனோவிடம் கற்றதை நாற்பது வருடம் கழித்து ஒரு மலிவுப் பேய்ப்படத்தில் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். மகனாக வரும் ஒல்லிப் பையனைக் கவனியுங்கள், அது ஜாக் நிக்கல்சன். அடுத்த ஆண்டு, 1964 மார்ச் 23 அன்று, லோரே 59 வயதில் பக்கவாதத்தில் இறந்தார்.