அப்டேட் போட்டதிலிருந்து லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லை: கேள்வி-பதில்

அப்டேட் முடிந்த மறுநாளே சார்ஜ் சரசரவென இறங்கினால், பழியைப் பேட்டரி மேல் போட்டுவிட்டுப் புதுப் பேட்டரிக்கு விலை கேட்கக் கிளம்புகிறவர்கள் அதிகம். ஒரு மென்பொருள் அப்டேட்டால் ஒரே இரவில் பேட்டரி தேய்ந்துவிடாது. ஒன்று, செலவு கூடியிருக்கும். இல்லையென்றால், முன்பே தேய்ந்திருந்த பேட்டரி இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். 'பவர்சிஎஃப்ஜி' என்பது 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி எழுதுவது. அதற்குப் பின் ஓர் இடைவெளி, பிறகு ஸ்லாஷ்.

நேற்று விண்டோஸ் 11 பெரிய அப்டேட் ஒன்று வந்தது. ஐந்து மணி நேரம் நின்ற சார்ஜ் இன்று இரண்டரை மணி நேரம்கூட வரவில்லை. ஃபேன் வேறு ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பெரிய அப்டேட் முடிந்தபின் கணினி உள்ளுக்குள் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும்: கோப்புகளைத் தேடலுக்காக மறுபடி அட்டவணைப்படுத்தும், டிஃபெண்டர் முழுவதையும் ஒருமுறை துழாவும், ஒன்டிரைவ் சரிபார்க்கும், ஸ்டோர் செயலிகள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு பத்தியின் தலைப்பைச் சொடுக்குங்கள். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்ச் இண்டெக்ஸர், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிக்யூட்டபிள், விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர் ஆகிய மூன்றும் மேலே நின்றால் கவலை வேண்டாம், அவை தாமாக அடங்கும்.

இந்த வேலைகளில் பல, பேட்டரியில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். பகலெல்லாம் பேட்டரியில் ஓட்டி, இரவில் மூடி வைப்பவர்களுக்கு அதனால்தான் ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுக்கிறது. ஒரே ஓர் இரவு சார்ஜரைச் செருகி, ஸ்லீப் போகாதபடி வைத்து, மூடியைத் திறந்தே விட்டுவிடுங்கள். காலையில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்துவிட்டு ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. விரைவாக ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால் ஷட்டவுனில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முழுதாக மூடப்படுவதில்லை.

மூன்று நாள் கழிந்தும் அதே கதை என்றால் அடுத்த பதிலுக்கு வாருங்கள்.

பேட்டரி போய்விட்டதா, அப்டேட்தான் காரணமா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

கட்டளை அடிக்கும் டெர்மினல் செயலியைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' என்று அடியுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று திரையிலேயே காட்டும். பிரவுசரில் திறந்து முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி. முன்னது வாங்கியபோது இருந்த கொள்ளளவு, பின்னது இப்போது இருப்பது.

டிசைன் கெபாசிட்டி 42,000, ஃபுல் சார்ஜ் 29,400 மில்லிவாட்-ஹவர் என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதம்தான் மிச்சம். இப்போது பேட்டரி யூஸேஜ் பகுதிக்கு இறங்குங்கள். அரை மணி நேர உபயோகத்தில் 6,300 மில்லிவாட்-ஹவர் குறைந்திருந்தால் செலவு 12.6 வாட். 29,400-ஐ 12,600-ஆல் வகுத்தால் இரண்டு மணி இருபது நிமிடம். அதே தேய்ந்த பேட்டரி 6 வாட் செலவில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் தாங்கும்! சாதாரண அலுவலக லேப்டாப்பில் எழுதுவது, மெயில் பார்ப்பது போன்ற வேலைக்கு 5 முதல் 8 வாட் என்பது நியாயமான செலவு. அதைவிட இரு மடங்கு போனால் புதுப் பேட்டரி வாங்கினாலும் அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

அதே அறிக்கையில் பேட்டரி கெபாசிட்டி ஹிஸ்டரி என்று வாரவாரியான பட்டியல் இருக்கும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். அப்டேட் வந்த வாரத்தில் மட்டும் சட்டென்று ஒரு பள்ளம் தெரிந்தால், பேட்டரியின் செல்லைவிட, சார்ஜை அளக்கும் சிப்பின் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

செலவுதான் கூடியிருக்கிறது என்றானால், செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி, பேட்டரி யூஸேஜ் என்று போய் எந்தச் செயலி எத்தனை சதவீதம் தின்கிறது என்று பாருங்கள். ஸ்டோர் செயலியாக இருந்தால் அதன் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பின்னணி அனுமதியை 'நெவர்' ஆக்கலாம். அப்படியே பவர் மோடையும் ஒரு பார்வை பாருங்கள். 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாறிக் கிடந்தால் 'பேலன்ஸ்டு'க்குக் கொண்டுவாருங்கள்.

இரவு 90 சதவீதத்தில் மூடி வைத்தேன். காலையில் 20. பையிலிருந்து எடுத்தால் கொதிக்கிறது. அப்டேட்டுக்கு முன் இப்படி இல்லை.

எட்டு மணி நேரத்தில் 70 சதவீதம். 50 வாட்-ஹவர் பேட்டரி என்றால் சராசரியாக 4.4 வாட். அதாவது உங்கள் லேப்டாப் தூங்கவே இல்லை. திரையை மட்டும் அணைத்துவிட்டு விழித்திருந்திருக்கிறது.

பழைய லேப்டாப்களில் ஸ்லீப் என்றால் ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாம் அணைந்துவிடும். அதை எஸ்3 என்பார்கள். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் மாடர்ன் ஸ்டேண்ட்பை. போன் போல, மூடியிருக்கும்போதும் அவ்வப்போது விழித்து மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். எல்லா டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) ஒழுங்காக இருந்தால் மணிக்கு ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். அப்டேட்டோடு வந்த ஒரே ஒரு வைஃபை டிரைவரோ ஆடியோ டிரைவரோ தூங்க மறுத்தால் மொத்தமும் விழித்துக்கொண்டிருக்கும். உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று 'பவர்சிஎஃப்ஜி /ஏ' காட்டும். 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்றிருந்தால் மாடர்ன் ஸ்டேண்ட்பைதான்.

குற்றவாளியைப் பிடிக்க, டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி' அடியுங்கள். கடந்த மூன்று நாள் தூக்கக் கணக்கு வரும். மோசமான இரவு சிவப்பில் இருக்கும். அதைச் சொடுக்கி 'டாப் அஃபெண்டர்ஸ்' பட்டியலைப் பாருங்கள். அங்கே நூறு சதவீதத்தை ஒட்டி நிற்கும் பெயர் எதுவோ, அந்த டிரைவரை லேப்டாப் கம்பெனியின் இணையதளத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, புதிதாக இறக்கிப் போடுங்கள். அது அப்டேட்டோடு வந்த டிரைவரென்றால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல்பேக் டிரைவர்' முயலுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயரில் விற்கும் செயலிகள் பக்கமே போகாதீர்கள்.

விழித்திருக்கும்போதே ஸ்லீப் போக மறுக்கிறதென்றால் 'பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ்' பாருங்கள். ஆடியோ ஸ்ட்ரீம் பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால், பெரும்பாலும் எங்கோ ஒரு பிரவுசர் டேப் ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சரியான டிரைவர் வரும்வரை நடைமுறை வழி ஹைபர்னேட்: திறந்திருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டு அணைந்துவிடுவது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில், பேட்டரிக்கு ஹைபர்னேட்டைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் அது இல்லையென்றால் 'பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆன்' கொடுத்தபின் வரும். திறக்கும்போது சில விநாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ரேமின் அளவில் சுமார் 40 சதவீத இடத்தை டிஸ்கில் பிடிக்கும். பையில் வைத்து எடுத்துப்போகிறவர்களுக்கு, டிரைவர் சரியானபிறகும் இதையே வைத்துக்கொள்ளச் சொல்வோம். மூடிய பைக்குள் விழித்திருக்கும் லேப்டாப்பின் வெப்பம், சார்ஜ் வீணாவதைவிடப் பெரிய கேடு. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கேமிங் லேப்டாப். கேம் எதுவும் ஆடாமலே ஒன்றரை மணி நேரத்தில் காலி.

தனி கிராஃபிக்ஸ் சிப் உறங்காமல் இருக்கிறது. சும்மா விழித்திருந்தாலே அது 10 வாட்டுக்கு மேல் இழுத்துவிடும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப் மெனுவுக்குள், ஜிபியு ஆக்டிவிட்டி ஐகானைக் காட்டச் சொல்லும் தேர்வு உண்டு. அந்த ஐகானைச் சொடுக்கினால் எந்தச் செயலி சிப்பைப் பிடித்திருக்கிறது என்று பெயர் வரும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய் அந்தச் செயலிக்கு 'பவர் சேவிங்' கொடுங்கள்.

பெயரே இல்லாமல் சிப் மட்டும் விழித்திருந்தால் மூன்று இடம் பாருங்கள். பல மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட் நேராகத் தனிச் சிப்போடு இணைந்திருக்கும். வெளி மானிட்டர் செருகியிருக்கும்வரை அது தூங்காது. கம்பெனி தரும் கட்டுப்பாட்டுச் செயலியும் புதுப்பிக்கப்பட்டு, திரை தனிச் சிப்புக்கே மாற்றப்பட்டிருக்கலாம். அதை ஹைப்ரிட் நிலைக்குத் திருப்புங்கள். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று தெரிந்தால் அசல் டிரைவரே கழன்றுவிட்டது என்று பொருள். திரை 144 அல்லது 165 ஹெர்ட்ஸில் ஓடினால் பேட்டரியில் 60-க்கு இறக்குங்கள்.

யூடியூப் பார்த்தால் மட்டும் சார்ஜ் பறக்கிறது.

வீடியோவைப் பிரிக்கும் வேலை கிராஃபிக்ஸ் சிப்பிலிருந்து சிபியுவுக்குப் போயிருக்கிறது. பிரவுசர் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் ஆகியும் சிபியு ஏறினால், ஏவி1 என்ற வீடியோ வடிவம் காரணமாக இருக்கலாம். இன்டெல் 11-ஆம் தலைமுறை, ரைசன் 6000 வரிசை லேப்டாப் சிப், ஆப்பிள் எம்3 ஆகியவற்றுக்கு முந்தைய சிப்கள் பெரும்பாலானவற்றில் ஏவி1-ஐப் பிரிக்கும் வன்பொருள் கிடையாது. யூடியூப் கணக்கின் செட்டிங்ஸில், பிளேபேக் பகுதியில் ஏவி1 குறைந்த தரத்துக்கு மட்டும் என்று வைத்துப் பாருங்கள்.

மேக்புக் ஏர், எம்1. மேக்ஓஎஸ் டஹோவுக்கு மாறியபின் கை வைக்கும் இடம் சூடாகிறது, சார்ஜும் நிற்கவில்லை. எஸ்எம்சி ரீசெட் செய்யச் சொல்கிறார்கள்.

எம்1 போன்ற ஆப்பிள் சிலிக்கான் மேக்கில், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்எம்சிக்குத் தனியாக ரீசெட் என்று ஒன்றில்லை. பழைய இன்டெல் மேக்குக்குச் சொன்ன விசைச் சேர்க்கை இங்கே எதையும் செய்யாது. ரீஸ்டார்ட் போதும்.

ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து எனர்ஜி தாவலில் '12 அவர் பவர்' பத்தியை வரிசைப்படுத்துங்கள். ஸ்பாட்லைட்டும் ஃபோட்டோஸ் செயலியின் பகுப்பாய்வும் மேலே இருந்தால் சார்ஜரில் செருகி விட்டுவிடுங்கள். படத்தொகுப்பு பெரிதென்றால் சில நாள் பிடிக்கும். அவை அடங்கிய பிறகும் சூடு குறையவில்லையென்றால், சிபியு தாவலில், திரையை வரையும் விண்டோசர்வர் எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். 2025-ல் டஹோ வெளிவந்தபோது, எலக்ட்ரான் என்ற கட்டமைப்பைக் கொண்டு கட்டிய பல செயலிகளின் பழைய பதிப்புகள் திரையில் தெரிந்தாலே கிராஃபிக்ஸ் வேலையைத் தாறுமாறாக ஏற்றின. ஸ்லாக், டிஸ்கார்ட், விஎஸ் கோட் எல்லாம் எலக்ட்ரான் வகைதான். எலக்ட்ரான் தரப்பில் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு செயலியும் தன் பங்குக்குப் புதுப்பிக்கப்பட்டால்தான் பலன். மாதக்கணக்கில் அப்டேட் செய்யாத ஒரு சின்ன செயலி போதும். ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் பிடிபடும்.

உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு ஏறினேன். சார்ஜை மிச்சப்படுத்தும் டிஎல்பி போட்டிருந்தேன், அதற்குப் பலனே தெரியவில்லை.

டிஎல்பியும், அதே வேலையைச் செய்யும் பவர் புரொஃபைல்ஸ் டீமனும் ஒன்றாக ஓடக் கூடாது. இரண்டும் ஒரே அமைப்புகளை மாற்றி மாற்றி எழுதும். மேலேறும்போது பின்னது மறுபடி வந்து உட்கார்ந்திருக்கலாம். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யுபவர் கருவி காட்டும் 'எனர்ஜி-ரேட்' எண்ணைக் குறித்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்து, கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னல் இருந்தால் அதில் ஏறி, அதே வேலையில் அதே எண்ணைப் பாருங்கள். பழையதில் 6 வாட், புதியதில் 11 என்றால் கெர்னல்தான். திருத்தம் வரும்வரை பழையதிலேயே இருங்கள். பவர்டாப் கருவியின் 'ஆட்டோ-டியூன்' கொடுத்தால் யுஎஸ்பி மவுஸ் தூங்கித் தூங்கி எழும், எச்சரிக்கை.

80 சதவீதத்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

பழுது இல்லை. பேட்டரி ஆயுளுக்காகக் கம்பெனி செயலி வைத்த வரம்பு அது. அந்தச் செயலியில் கன்சர்வேஷன் மோட், பேட்டரி கேர் போன்ற பெயரில் இருக்கும். நாள் முழுதும் சார்ஜரில் வைத்திருப்பவர் என்றால் அப்படியே விடுங்கள்.

35 சதவீதம் காட்டும்போதே பொட்டென்று அணைந்துவிடுகிறது.

சதவீதம் என்பது அளக்கும் சிப்பின் மதிப்பீடு. நூறுவரை ஏற்றி, இரண்டு மணி நேரம் செருகியே வைத்து, பிறகு தானாக ஹைபர்னேட் ஆகும்வரை இடைவிடாமல் இறக்கி, மறுபடி ஒரே மூச்சில் நூறுக்கு ஏற்றுங்கள். ஒருமுறை போதும், வாராவாரம் செய்தால் பேட்டரிதான் தேயும். அதன் பிறகும் 35-ல் அணைந்தால் ஒரு செல் பலவீனமாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இந்தியாவில் வாங்கும்போது பிஐஎஸ் முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி பிதுங்கியிருந்தாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, நேரே சர்வீசுக்குக் கொண்டுபோங்கள். அதை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

பேசாமல் பழைய பதிப்புக்கே போய்விடலாமா?

பெரிய பதிப்பு மாற்றம் என்றால் விண்டோஸ் தரும் கெடு 10 நாள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் 'கோ பேக்' இருக்கும். அதற்குள் டிஸ்க் கிளீனப் செய்து விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழித்தீர்களானால் அந்த வழி அடைபட்டுவிடும். மாதாந்திர அப்டேட் என்றால், விண்டோஸ் அப்டேட்டின் அப்டேட் ஹிஸ்டரியில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ஒரு வாரம் 'பாஸ்' (அப்டேட்டை நிறுத்திவைத்தல்) போடுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து 25எச்2-வுக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்ப் பெரிதாகப் பயனில்லை; இரண்டுக்கும் உள்ளே அடிப்படை ஒன்றே, டிரைவரைத்தான் தேட வேண்டும். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு வந்து நொந்தவர்களும் யோசித்துச் செய்யுங்கள்: 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.