செவிலியரை அளப்பதா, வார்டை அளப்பதா?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பொது மருத்துவ வார்டில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். செவிலியர்களின் மனநலத்தை ஆராய வந்த குழு ஒன்று அண்மையில் எங்களிடம் கேள்வித்தாள் கொடுத்துச் சென்றிருக்கிறது. காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா, நோயாளிகள் மீதான அக்கறை குறைந்துவிட்டதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். முன்பும் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூச்சுப்பயிற்சி வகுப்பு. நைட் டியூட்டி முடித்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் அதில் உட்கார வேண்டியதாயிற்று. இத்தகைய ஆய்வுகளால் எங்களுக்கு என்ன பயன்? உண்மையை எழுதினால் எனக்கே பாதகமாகுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு செவிலியர்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வகுப்பைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. இரவெல்லாம் விழித்தவரின் உறக்கத்தைப் பறித்துக்கொண்டு அவருக்கு மனஅமைதியைக் கற்பிப்பது கொடுமை. ஆனாலும் கேள்வித்தாளை நிரப்பிக் கொடுங்கள் என்றே சொல்வேன். அதற்கு முன், அது உங்களைப் பற்றி மட்டும் கேட்கிறதா, உங்கள் வார்டைப் பற்றியும் கேட்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

நீங்கள் குறிப்பிடும் வகைக் கேள்விகள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1981இல் வெளியிட்ட பணிச்சோர்வு அளவுகோலை நினைவூட்டுகின்றன. உணர்வு வறண்டுபோதல், நோயாளியை ஓர் ஆளாகப் பார்க்க முடியாமல் விலகிப்போதல், செய்த வேலையில் நிறைவு குன்றுதல் ஆகிய மூன்றையும் அது தனித்தனியே அளக்கிறது. அக்கறை குறைந்துவிட்டதா என்ற கேள்வி குற்றச்சாட்டைப்போல ஒலிப்பதால், 'இல்லை' என்று குறித்துவிட்டு நகரத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனமே 2019இல் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல், முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தால் விளைவது என்றுதான் வரையறுத்தது.

இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனின் ஒரு பொது மருத்துவமனையில் நடத்தி 1960 வாக்கில் வெளியிட்டது. பயிற்சிச் செவிலியர்களை வார்டுகளுக்குப் பிரித்து அனுப்புவதில் ஏற்பட்ட சிக்கலைத் தீர்க்கத்தான் அவரை அழைத்திருந்தார்கள். அவர் கண்டதோ பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இடையிலேயே விலகிப் போவதையும், அப்படிப் போனவர்களில் திறமையும் முதிர்ச்சியும் மிக்கவர்கள் பலர் இருந்ததையும். நோயையும் மரணத்தையும் அன்றாடம் எதிர்கொள்வதால் எழும் பதற்றத்தைத் தாங்குவதற்காக அந்த மருத்துவமனை தன்னையறியாமலே சில வழக்கங்களை உண்டாக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வேலையை மட்டும் செய்துகொண்டு போவார். யாருடனும் நெருக்கம் ஏற்படாது. நோயாளிகளைப் பெயரால் குறிக்காமல் 'பத்தாம் படுக்கையின் கல்லீரல்' என்பார்கள். தூக்க மருந்து கொடுப்பதற்காகத் தூங்குபவரை எழுப்புவதும் நடந்தது. இந்த வழக்கங்கள் பதற்றத்தைத் தணிக்கவில்லை; ஒரு நோயாளி தேறிப் போவதைக் கூடவே இருந்து பார்க்கும் நிறைவையும் செவிலியரிடமிருந்து பறித்தன. தனித்தனி மனங்களை மட்டும் துருவியிருந்தால் மென்சீஸுக்கு இது தென்பட்டிருக்காது. வேலை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்த்ததால் தென்பட்டது.

எண்களால் மட்டுமே நிர்வாகத்தை அசைக்க முடியும் என்பவர்களுக்கு செவிலிய ஆய்வாளர் லிண்டா எய்க்கனின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடுதலாக இருந்தன. செவிலியரின் சோர்வும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வந்தபின் இதை யாரும் உள்ளத்தின் உறுதியின்மை என்று ஒதுக்கிவிட முடியாது.

இத்தகைய ஆய்வுகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் நீண்ட விடுப்பில் இருப்பவர்களுக்கும் கேள்வித்தாள் போய்ச் சேருவது அரிது. தாக்குப்பிடித்து நிற்பவர்களிடம் மட்டும் கேட்டால் நிலைமை உண்மையில் இருப்பதைவிட நல்லதாகவே தோன்றும்.

உங்கள் அச்சம் நியாயமானது. பெயர் எழுதாவிட்டாலும் வயது, பாலினம், வார்டு, பணி அனுபவம் நான்கையும் சேர்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வார்டில் ஒரே ஓர் ஆண் செவிலியர் இருந்தால் பாலினம் ஒன்றே போதும். ஆகவே நிரப்பிய தாள் யாரிடம் போகும், மேலதிகாரிகள் அதைப் பார்ப்பார்களா, சிறு குழுக்களின் விடைகளைத் தனியே வெளியிடுவார்களா, முடிவுகளை உங்களிடமும் தெரிவிப்பார்களா என்று ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள். பங்கேற்காமல் இருப்பதும், பாதியில் விலகுவதும், ஒரு கேள்வியை விட்டுவிடுவதும் உங்கள் உரிமை. மேற்பார்வையாளர் தாள்களைச் சேகரித்தால், உறையிலிட்டு ஒட்டி ஆய்வாளரிடமே கொடுங்கள்.

கடைசியில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதும்படி இடம் விட்டிருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். செய்ய வேண்டியிருந்தும் செய்ய முடியாமல் போன பராமரிப்பை பியட்ரிஸ் காலிஷ் என்ற செவிலிய ஆய்வாளர் 2006இல் ஆராய்ந்தபோது, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, நடக்கவைப்பது, ஆறுதலாகப் பேசுவது போன்றவையே விடுபட்டதாகச் செவிலியர்கள் சொன்னார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள்: சென்ற நைட் டியூட்டியில் எத்தனை நோயாளிகளை எத்தனை பேர் கவனித்தீர்கள், எவையெல்லாம் விடுபட்டன, இடையில் ஒருமுறையேனும் உட்கார முடிந்ததா, ஷிப்ட் முடிந்த பின்னும் சார்ட் எழுத எவ்வளவு நேரம் இருந்தீர்கள்.