விரல் வலிக்கிறது, நகை செய்யலாமா?

கேள்வி: டெரகோட்டா கம்மல், ஆரம் எல்லாம் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். முடக்குவாதம் வந்ததும் விட்டுவிட்டேன். மாத்திரையில் இப்போது பரவாயில்லை. மறுபடி ஆரம்பிக்க ஆசை, வீட்டில் "சும்மா இரும்மா" என்கிறார்கள். என்ன செய்யட்டும் அக்கா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஆரம்பியுங்கள், ஆனால் பழைய வேகத்தை மறந்துவிடுங்கள். மண் பிசைவதுதான் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் அதிகச் சிரமம், அதனால் பக்குவப்படுத்தி பாக்கெட்டில் வரும் களிமண்ணையே வாங்குங்கள். சில்க் த்ரெட் வளையல் சுலபம் என்று சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன், நூலை இறுக்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் சுற்றினால் கட்டைவிரல் போய்விடும். மணி கோப்பது மேல். ஸ்பிரிங் வைத்த குறடாகப் பார்த்து வாங்கி, கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது.

இந்த நோயில் காலையில்தான் விரல் விறைப்பு அதிகம், சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் இருக்கும். வெந்நீரில் கையை வைத்து எடுத்து, பதினொரு மணிக்கு மேல் உட்காருங்கள். இருபது நிமிடம் வேலை, அப்புறம் எழுந்து ஒரு நடை. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் அன்று குறட்டைத் தொடவே வேண்டாம். கையில் போடும் ஸ்ப்ளின்ட் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) பற்றி கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

முக்கியமாக, தேதி குறித்த கல்யாண ஆர்டர் எடுக்காதீர்கள். முடிந்தபோது செய்து சேர்த்துவைத்து, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் விற்கப் பாருங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான், உங்கள் ஊரும் அப்போது அதில்தானே இருந்தது! குழுவில் சேர்ந்தால் மண் பிசைய இன்னொரு கை கிடைக்கும்.