கல் குவாரியில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகச் சேரப் போகிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வேலையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டு என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். ஹெல்மெட், பூட்ஸ், எச்சரிக்கைப் பலகை எல்லாம் அதற்கு அப்புறம்.

அபாய மதிப்பீட்டுப் படிவத்தை எப்படி நிரப்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் படிப்பை முடித்துவிட்டு முதல்முறையாகக் குவாரிக்குள் போகிறவர் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். படிவம் நிரப்புவது சீக்கிரம் பழகிவிடும். 'அபாயம் அதிகம்' என்று நேற்று நீங்களே எழுதிய இடத்துக்கு நேர் கீழே இன்று காலை ஹிட்டாச்சி (கல் அள்ளும் இயந்திரம்) நின்று லோடு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்? அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

நான் டிரில்லுக்குக் கைஉதவியாகச் சேர்ந்தவன். பிறகு வெடிக்காரரிடம் இருந்து தொழில் கற்று, பரீட்சை எழுதி மேற்பார்வைக்கு வந்தேன். பட்டம் கிடையாது. முழுக்க இயந்திரமயமான பெரிய குவாரிகளில் பாறையின் அசைவை ரேடார் வைத்துக் கண்காணிக்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்வது பழங்கதையாகத் தெரியலாம். பரவாயில்லை, எல்லாக் குவாரிக்கும் ரேடார் வந்துவிடவில்லை.

ஒருமுறை இரவு முழுக்க மழை. மழைக்குப் பிறகும், வெடி வைத்த பிறகும், பல நாள் மூடிக் கிடந்த பிறகும் பாறை முகத்தை, அதாவது வெட்டி நிற்கும் பாறைச் சுவரை, பார்க்காமல் கீழே யாரையும் விடக்கூடாது என்பது பாலபாடம். விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர் உள்ளிருந்து பாறையை வெளியே தள்ளும், நடுவில் இருக்கும் மண்ணையும் கரைக்கும். அன்று காலை பெஞ்சின் (குவாரியில் படிபோல வெட்டிய மேடையின்) அடிவாரத்தில் மழை கழுவிய தரை சுத்தமாகக் கிடந்தது. அதன் மேல் நாலைந்து சில்லுகள். மழையில் நனைந்த கல்லில் சேறு தெறித்திருக்கும். இவற்றில் துளிச் சேறு இல்லை, உடைந்த பக்கம் வெளுப்பாக இருந்தது. அப்படியென்றால் மழை நின்ற பிறகு விழுந்தவை. மேலே ஏறிப் பார்த்தேன். விளிம்புக்கு ஓரடி உள்ளே, விளிம்போடு சேர்ந்தாற்போல ஒரு கீறல் ஓடியிருந்தது. பக்கவாட்டில் பத்திரமான இடத்தில் நின்றுகொண்டு நீளக் கடப்பாரையால் தட்டினேன். நல்ல பாறை கணீரென்று பேசும். அந்த இடம் 'பொத்' என்றது. பின்னால் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நிறுத்தினேன். கீழே பெரிய கற்களை உருட்டி வழியை அடைக்கச் சொன்னேன். டிப்பர்கள் வரிசை கட்டிவிட்டன. உற்பத்தியைப் பார்த்துக்கொள்பவர் வந்தார். "இத்தனை வருஷம் நின்ன பாறை இன்னைக்கா விழப் போவுது?" என்றார். அவருக்குப் பதில் சொல்வது எளிது. சொல்லவும் செய்தேன். பதில் சொல்ல முடியாமல் என்னை நிறுத்தியவர் ஒரு டிப்பர் டிரைவர். "அண்ணே, உங்களுக்கு மாசச் சம்பளம். எங்களுக்கு நடைக்குத்தான் காசு. நீங்க நிறுத்தினா எங்க வீட்ல உலை நிக்குது." அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஹிட்டாச்சியை மேலே அனுப்பி, கெட்டியான தரையில் நிறுத்தி, தொங்கலைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்க வைத்தேன். லேசில் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் பெரிய பெரிய துண்டுகளாக இறங்கியது. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிண்டல். இவ்வளவு மெனக்கெட்டு இறக்க வேண்டிய பாறை தானாகவா விழுந்திருக்கும் என்றார்கள். எனக்குப் 'பொத் அண்ணன்' என்று பெயர் வைத்து, வேறு வேலைக்குப் போகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

விழவே விழாத பாறைக்கு இத்தனை பெருமையா என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். எழுதட்டும். அது விழுந்திருக்குமா என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. இந்த வேலையில் நாம் சரியாகச் செய்ததற்கு அத்தாட்சியே கிடைக்காது. அதைத் தாங்கிக்கொள்ள முடியாதென்றால் உற்பத்திப் பக்கம் போய்விடுங்கள், அங்கே மாலையானால் டன் கணக்கு கையில் வந்துவிடும்.

அந்த டிரைவரின் பேச்சு மட்டும் மனதிலேயே நின்றது. பாதுகாப்புக்காக நிறுத்தும் நேரத்துக்குக் காத்திருப்புக் கூலி கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இழுத்தடித்து, பாதிக்கு ஒப்புக்கொண்டார். அதன் பிறகு விரிசலைப் பற்றியும், மேலே கல் ஆடுவதைப் பற்றியும் எனக்கு முதலில் தகவல் சொன்னவர்கள் டிப்பர் டிரைவர்கள்தான். நாள் முழுக்கப் பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள்தானே. அடுத்து நான் போன இடத்தில் இதையே கேட்டபோது வாசலைக் காட்டாத குறைதான்.

எழுத்தில் வாங்குங்கள் என்றேனே, அதற்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1995-இல் சுரங்கப் பாதுகாப்புக்கென்றே 176-ஆம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. திறந்தவெளிச் சுரங்கமும் அதில் அடக்கம். உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம் என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் நாடு அதை ஏற்று உறுதிசெய்ததா, உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொண்டு பேசப் போங்கள். வெறும் வாயோடு போனால் 'பயந்தாங்கொள்ளி' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெடி என்றால் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். சங்கு ஊதி, ஆளை விலக்கி, வழிகளில் காவல் நிறுத்துவார்கள். ஆபத்து அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்னால் என்றால், வெடிமருந்து நிரப்பும் முன்வரிசைத் துளைக்கும் பாறை முகத்துக்கும் இடையில் பாறையின் தடிமன் குறைந்துபோவது, துளையின் வாயைச் சரியாக அடைக்காதது. இரண்டிலும் கல் பறக்கும். துளை போட்ட தூளையே வாயில் கொட்டி மூடாமல், முனையுள்ள சின்னச் சல்லியால் அடைத்தால் நன்றாகப் பிடித்து நிற்கும். பின்னால் என்றால், வெடித்து முடிந்த துளையின் அடியில் மிச்சம் நிற்கும் குழி. அதில் வெடிக்காத மருந்து கிடக்கலாம். 'ஏற்கெனவே குழி இருக்கிறதே' என்று டிரில்லரை அதிலேயே வைப்பவனை அன்றே வெளியே அனுப்புங்கள். புகை கலைந்து, வெடிக்காரர் போய்ப் பார்த்து, சரி என்று சொல்லும்வரை வேறு யாரும் உள்ளே போகக்கூடாது.

வண்டிகள். பாதை விளிம்பில் மண்மேடு வேண்டும். அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியின் சக்கரத்தில் பாதி உயரமாவது இருக்க வேண்டும். டிப்பர் பின்னால் வரும்போது டிரைவருக்குத் தெரியாத இடத்தில்தான் ஆட்கள் நிற்பார்கள், எத்தனை சொன்னாலும். அதனால் நடக்கிறவர்களின் வழியையும் வண்டி வழியையும் பிரித்துவிடுவதே வைத்தியம். விசில், கொடி எல்லாம் அடுத்தபடி.

கல் உடைக்கும் கிரஷரில் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை மண்வெட்டியால் தள்ளப்போய்க் கையை இழந்தவர்கள் உண்டு. நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே இறங்குகிறவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு இறங்குவது பாதுகாப்பு ஆகாது.

இனி தூசி. இதை மட்டும் சுருக்கமாகச் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிந்து பறக்கும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத நுண்தூள். கிரானைட் போன்ற பாறையில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. அதன் தூள்தான் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டுவருகிறது. வழக்கமாகப் பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத் தெரியும், தூசி மிக அதிகமென்றால் சில வருஷங்களிலேயே தெரியும். வந்துவிட்டால் குணமாக்க மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றும். இந்தத் தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2016-இல் கொண்டுவந்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். இதைக் கண்ணால் அளக்க முடியாது. காற்று மாதிரி எடுக்கும் கருவியைத் தொழிலாளியின் சட்டையில் மாட்டித்தான் அளக்க வேண்டும்.

நான் வேலை கற்ற காலத்தில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வோம். இந்த நுண்தூளுக்கு அது போதாது. முதலில் தண்ணீர் ஊற்றித் துளை போட வேண்டும், அல்லது தூசியை உறிஞ்சும் டிரில் வேண்டும். அப்புறம்தான் முகக்கவசம். அதுவும் தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். வேலை முடிந்து கம்ப்ரசர் காற்றால் உடம்பை ஊதிக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டால் குழாயையே கழற்றி வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் இருந்த ஓர் இடத்தில் வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று பலகை மாட்டி, எண்ணிக்கை ஏறினால் பரிசு என்றார்கள். விரல் நசுங்கியவர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அந்தப் பலகைக்காக ஒரு பட்டதாரித் தம்பிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. விண்ணப்பம் போட்ட எனக்கு, கல்வித் தகுதி போதாது என்று கடிதம் வந்தது. தம்பி நல்லவர்தான், அவர்மேல் கோபமில்லை. பலகையின் மேல் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, உங்களுக்காகவே ஒன்று. சேருவதற்கு முன் மார்பு எக்ஸ்ரே, குழாயில் ஊதும் நுரையீரல் பரிசோதனை, காது பரிசோதனை மூன்றையும் எடுத்துவிடுங்கள். காதை ஏன் சொல்கிறேன் என்றால், 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது கணக்கு. ஜாக் ஹேமர் அதையும் தாண்டும். முடிவுகளின் நகலை வீட்டில் வையுங்கள். கம்பெனிக் கோப்பில் மட்டும் இருந்தால் பின்னாளில் நீங்கள் கேட்கும்போது அந்தக் கோப்பு கிடைக்காது.